தனியார் கிளினிக்குகளுக்கு டிபி பயிற்சி நடத்தப் போனவருக்கு நடந்தது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஓர் அரசு கிளினிக்கில் டிபி (காசநோய்) அறையில் வேலை செய்கிறேன். தனியார் கிளினிக்குகளுக்கும் தோட்டத்து டிரஸ்ஸர்களுக்கும் (தோட்டத் தொழிலாளர்களுக்கு அங்கேயே மருந்து கொடுப்பவர்கள்) காசநோய் பற்றிப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. அனுமதி, மண்டபம், சாப்பாடு எல்லாம் சுலபமாக முடிந்தன. ஆட்களை வரவைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேலை நாள், காலை பத்து மணி என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். ஒற்றை ஆளாகக் கிளினிக் நடத்தும் டாக்டர் அந்த நேரத்தில் நோயாளிகளை விட்டுவிட்டு எப்படி வருவார்? நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஒரு கிளினிக்கில் நேரில் விசாரித்தேன். எங்கள் கடிதம் மருந்துக் கம்பெனி விளம்பரங்களுக்கு அடியில் பிரிக்காமலே இருந்தது.

தோட்டத்தில் வேறு மாதிரி. தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தால்தான் டிரஸ்ஸரை அனுப்ப முடியும் என்று ஆபீஸ் கிராணி (எழுத்தர்) கையை விரித்துவிட்டார். மேனேஜரைப் பார்க்கக் காத்திருந்தால், அவர் வெளிக்காட்டுக்குப் போய்விட்டார் என்று மத்தியானத்துக்கு மேல் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்துதான் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள ஒரு பெரியவர் மாதக்கணக்கில் இருமிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். இனிப்புநீர் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. அவருக்கு இருமல் மருந்தும் இடையிடையே லெவோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும்தான் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை டிபி கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். காய்ச்சல் குறையும், நோயாளி தேறிவிட்டது போலத் தெரியும், நோய் உள்ளே வளரும். கடைசியில் வீட்டில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் சோதனை செய்ய வேண்டியதாயிற்று.

சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று முடிவெடுத்தோம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கிளினிக்குகளில் கூட்டம் குறைவு. அரை மணி நேரம் போதும். டாக்டரோடு கவுண்டர் பெண்களையும் கட்டாயம் உட்கார வையுங்கள். "இதே இருமல் மருந்தையே கொடும்மா" என்று திரும்பத் திரும்ப வருபவரை முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இராத்திரி வேர்வை, உடம்பு இளைப்பு, விட்டு விட்டுக் காய்ச்சல்: இதைக் கவுண்டரிலேயே கேட்கச் சொன்னோம்.

அதிகமாக வாதாடியது இரண்டு விஷயத்தில். பிறந்ததும் பிசிஜி தடுப்பூசி போட்டவருக்கு டிபி வராது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான டிபியிலிருந்து காப்பாற்றும். பெரியவர்களை அதை நம்பி விட முடியாது. இன்னொன்று, ஃபோமிமா (வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனை) எக்ஸ்ரேயில் தேறிய வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பயமில்லை என்பது. அன்று நெஞ்சு சுத்தமாக இருந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். உள்ளே உறங்கும் கிருமி பிறகு எழும்பலாம். நோய் உறுதியானால் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி (சட்டம் 342) சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மேனேஜர் ஒருவழியாக இறங்கி வந்தார். ஒருவருக்கு நோய் வந்தால் கொங்சியில் (தொழிலாளர்கள் சேர்ந்து தங்கும் இடம்) கூட இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டிவரும் என்று சொன்ன பிறகுதான். அதற்கு அப்புறமும் ஒரு வீண் அலைச்சல். டிரஸ்ஸர் அனுப்பிய சளி டப்பாக்களில் பேர் மூடிமேல் எழுதியிருந்தது. மூடியைக் கழற்றினால் எது யாருடையது? ஆய்வகம் எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. டப்பாவின் பக்கவாட்டில்தான் எழுத வேண்டும். எச்சில் வேண்டாம், ஆழமாக இருமி வரும் சளி வேண்டும். காலையில் எழுந்ததும் எடுத்தது நல்லது. கழிப்பறையில் வேண்டாம், திறந்த வெளியில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த டிரஸ்ஸரின் கையில் டப்பாவைக் கொடுத்து எழுதிக் காட்டிய பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

போன மாதம் ஒரு கவுண்டர் பெண் போன் செய்தார். "மிஸி, ஒரு அண்ணன் மூணாவது தடவையா இருமல் மருந்து வாங்க வந்திருக்காரு, அனுப்பட்டுமா?" அன்றே சளி எடுத்தோம். ஜீன்எக்ஸ்பர்ட்டில் (சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) டிபி என்று வந்தது. 6 மாத மருந்தை ஆரம்பித்துவிட்டார், முதல் 2 மாதம் நாலு வகை மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து அவர் பயந்து மருந்தை நிறுத்தாதபடி, அது அந்த நாலில் ஒன்றான ரிஃபாம்பிசினால்தான் என்று அந்தப் பெண்ணே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார்.

அடுத்து மருந்துக் கடைகளுக்குப் போகிறோம். கடிதத்தைக் கவுண்டரில் விட்டுவிட்டு வரப் போவதில்லை. கடைக்காரர் கையிலேயே கொடுத்து, நேரத்தையும் அவரையே சொல்லச் சொல்லப் போகிறோம்.