ஃபில்டர் கழுவும் வாரம்

ஜூன் 3

மீன் தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பில் இரண்டு நாளாக அசைவே இல்லை. கேனிஸ்டரிலிருந்து (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) வரும் குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன்; தள்ளல் மிகவும் குறைந்திருக்கிறது. சரி, திறக்க வேண்டியதுதான்.

மாதம் பிறந்தால் ஃபில்டர் கழுவுவது என்று நாள் குறித்து வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பாஞ்சில் சகதி அடைத்துத் தண்ணீர் மெதுவானால், உள்ளே இருக்கும் செராமிக் ரிங்குகளில் ஒட்டி, மீன் கழிவின் நஞ்சை மாற்றிக்கொடுக்கும் பாக்டீரியாவுக்குப் போதுமான ஆக்சிஜன் போகாது. கழுவுவது அந்த ஓட்டத்தை மீட்கத்தான், பளிச்சென்று ஆக்க அல்ல.

ஜூன் 4

கண்ணாடியில் பாசி பிடித்திருக்கிறது, சரளைக்கல்லுக்குள்ளும் அழுக்கு. இரண்டையும் தொடவில்லை. பாக்டீரியா கல்லிலும் கண்ணாடியிலும்கூட ஒட்டி வாழ்கிறது. ஃபில்டரைத் திறக்கும் வாரத்தில் மற்ற இடங்களை நிம்மதியாக விட்டுவிடுவேன். மீன்களுக்கு இன்று தீனி கிடையாது.

ஜூன் 5

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன், அப்புறம் வால்வுகளை மூடினேன். ஃபில்டரைக் கழற்றும் முன்பே தொட்டியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் எடுத்து வைத்துவிட்டேன். எல்லாக் கழுவலும் இதில்தான். குழாய்த் தண்ணீரில் குளோரினோ குளோரமினோ கலந்திருக்கும். நம் குடிநீரில் கிருமியைக் கொல்லப் போடுவது ஃபில்டர் பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்குமா? வெந்நீரும் சோப்பும் பக்கத்திலேயே வரக்கூடாது.

மூடியைத் திறந்ததும் மண்வாசனை வந்தது. நல்லது. அழுகிய முட்டை நாற்றம் அடித்திருந்தால் உள்ளே எங்கோ ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கேனிஸ்டருக்குள் தேங்கியிருந்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினேன்.

பெரிய துளை ஸ்பாஞ்சை வாளிக்குள் முக்கிப் பிழிந்தேன். முதல் பிழிவில் வாளி டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியது. இன்னும் இரண்டு முறை பிழிந்து நிறுத்திக்கொண்டேன். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கிறது, இருக்கட்டும். வெள்ளைப் பஞ்சு நைந்துபோயிருந்தது, அதை மட்டும் தூக்கிப் போட்டுப் புதியது வைத்தேன். செராமிக் ரிங்குகளைத் தட்டோடு இரண்டாவது வாளியில் இறக்கி, ஏற்றி, லேசாகக் குலுக்கினேன். தேய்க்கவில்லை. ஒரு ரிங்கை எடுத்து விரலால் தடவினால் வழுவழுவென்று ஒரு படலம். பாக்டீரியா அந்தப் படலத்தில்தான் இருக்கிறது; சும்மா அலசினால் போகாது, பிரஷ் போட்டால் போய்விடும்.

தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லர் வேறு விஷயம். காந்தத்தைச் சுற்றிப் பிடித்திருந்த கூழைச் சின்ன பிரஷால் குழாயடியிலேயே தேய்த்தேன். அதில் இருக்கும் பாக்டீரியா போனால் பெரிய நஷ்டமில்லை. மூடியின் ஓ-ரிங்கைத் துடைத்து சிலிகோன் கிரீஸ் பூசினேன். வாசலின் பூசினால் சில வகை ரப்பர் உப்பிப்போகும்.

ஓட விட்டதும் கடகடவென்று சத்தம். உள்ளே காற்று. கேனிஸ்டரை அப்படியும் இப்படியும் சாய்த்ததும் குமிழிகள் வெளியேறி அடங்கியது. இந்த வேலையில் நான் அவசரப்படும் இடம் ஒன்றே ஒன்று: கழுவும் நேரம் முழுக்க ரிங்குகளைத் தண்ணீரில் மூழ்கடித்து வைக்க வேண்டும், சீக்கிரம் ஓட விட வேண்டும். ஓடாமல் மூடிக் கிடக்கும் ஃபில்டரில் ஆக்சிஜன் வேகமாகத் தீர்ந்துவிடும்.

ஜூன் 6

தண்ணீரைச் சோதித்தேன். மீனுக்கு நஞ்சான இரண்டும் இல்லை: அம்மோனியா 0, நைட்ரைட் 0. தண்ணீர் கொஞ்சம் மங்கல், கிளறப்பட்ட தூசி, பஞ்சு பிடித்துக்கொள்ளும். தீனி பாதி.

அம்மோனியாவை நைட்ரைட்டாக ஒரு பாக்டீரியாக் கூட்டமும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக இன்னொரு கூட்டமும் மாற்றுகின்றன என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருப்பது 2015-இல்தான் தெரியவந்தது. யார் செய்தால் என்ன, இவை எல்லாமே மெதுவாகப் பெருகுபவை. ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

ஜூன் 9

இன்றும் இரண்டுமே 0. தண்ணீர் தெளிந்துவிட்டது. பாசியைச் சுரண்டினேன், சரளைக்கல் அடுத்த வாரம், அதுவும் பாதித் தொட்டி மட்டும்.