படுக்கப் போட்ட படிக்கட்டு

உயரம் என்றாலே தலைசுற்றும் முன்னாள் துப்பறிவாளன் ஸ்காட்டி கீழே எட்டிப் பார்க்கிறான், படிக்கட்டு நீண்டுகொண்டே போகிறது. இன்றைக்கு அந்த இடத்தை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாயிற்று.

ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படம், 1958.

படிக்கட்டு அப்படி நீள்வது இப்படித்தான்: கேமரா ஒரு பக்கம் நகர, ஜூம் அதற்கு எதிராக ஓடும். இரண்டின் வேகமும் துளி பிசகினால் படத்தின் விளிம்பு அசைந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிஜப் படிக்கட்டில் எடுக்க 50,000 டாலர் ஆகும் என்றார்களாம். சின்ன மாடல் செய்து பக்கவாட்டில் படுக்கப் போட்டார்கள். 19,000-ல் முடிந்தது!

என்னைக் கேட்டால், அதைவிடத் தலைசுற்ற வைப்பது அந்த ஓட்டல் அறைதான். செத்துப்போன காதலி மேடலின் மாதிரியே ஜூடி என்ற பெண்ணை மாற்றிக்கொண்டிருக்கிறான் ஸ்காட்டி. சாம்பல் நிற உடை, பொன்னிறமாக மாற்றிய முடி எல்லாம் சரி. கொண்டை மட்டும் பாக்கி.

அதையும் போட்டுக்கொண்டு ஜூடி வெளியே வருகிறாள். ஜன்னலுக்கு அப்பால் நியான் பலகை.

அறை முழுக்கப் பச்சை. செத்தவள் நடந்து வருகிற பச்சை.