மழுங்கிய பிளக்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு போகிற சாலையில் என் பட்டறை. விடிந்ததும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும், சாயங்காலம் இறங்கும். அதனால் ஜீப் வேலை என்றாலே எங்களுக்கு ராத்திரி வேலைதான். ஒரு வண்டி ஒரு நாள் நின்றால் அதில் போகிற அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போய்விடும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஜீப் வந்தது. "அண்ணே, ஆயில் மட்டும் மாத்தணும், அரை மணி நேர வேலை" என்றார் டிரைவர். அடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பரில், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கிற பிளக்கின் ஆறு முனையும் மழுங்கி, தலை உருண்டையாகிக் கிடந்தது.

போன தடவை அவரே மாற்றியிருக்கிறார். பழைய வாஷரையே போட்டதில் லேசாகக் கசிந்திருக்கிறது. மெட்டு ஏறும்போது பிளக் விழுந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில், ஸ்பேனரில் பைப்பைச் செருகி இறுக்கிவிட்டார். பிளக் தலை 17 மில்லிமீட்டர். அவர் பிடித்தது 11/16 அங்குல ஸ்பேனர். மாட்டிப் பார்த்தால் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அது 17.46 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் முனையைத் தின்றுவிடுகிறது.

ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் ஆயில் கசியாமல் காப்பது செம்பு வாஷர். புது வாஷர் நசுங்கிப் பதிகிற அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் போடுகிற பலமெல்லாம் மரையைத்தான் இழுக்கும்.

இதை நான் கற்றது ஒரு காரைப் பாழாக்கி. தொழிலுக்கு வந்த புதிதில், குமுளியிலிருந்து வந்த டாக்சி ஒன்றில் இதேபோல மழுங்கிய பிளக்கை உளி வைத்து அடித்தேன். அது அலுமினிய சேம்பர் என்று யோசிக்கவில்லை. பிளக் ஓரத்திலிருந்து விரிசல் ஓடிவிட்டது. புது சேம்பருக்கு நான்தான் பணம் கட்டினேன். அந்த டிரைவர் இரண்டு நாள் சவாரி இல்லாமல் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

இந்த ஜீப்புக்குத் தகட்டு சேம்பர், அது ஒரு நிம்மதி. தலையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பலாம், அந்தச் சூட்டிலேயே பிளக் இளகும். ஆனால் ஆயில் நிறைந்த சேம்பரில் நெருப்பைக் காட்ட எனக்கு மனம் வராது. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். பிளக் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. வெறி பிடித்து அடிக்கக் கூடாது, பிடித்து நிற்கிற மரை அசைந்துகொடுத்தால் போதும். அப்புறம் மழுங்கிய தலையை இறுக்கிப் பிடிக்க, ஒரு அளவு சின்னதான 16 பாக்ஸ் ஸ்பேனரை எடுத்தேன். பன்னிரண்டு முனை பாக்ஸ் இங்கே உதவாது, ஆறு முனைதான் வேண்டும். அதைத் தலையில் வைத்து, முழுசாக இறங்கும்வரை அடித்து ஏற்றினேன்.

கைப்பிடியை மாட்டியதும் உதவிக்கு நின்ற பையன் வலப்பக்கம் அழுத்தப் போனான். கீழே படுத்திருக்கும்போது திசை எல்லோரையும் குழப்பும். பிளக்கின் முகத்தைப் பார்த்தபடி இடப்பக்கம்தான் திருப்ப வேண்டும். "டேய் தம்பி, இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாக அழுத்தினோம். முதல் தடவை அசையவில்லை. இரண்டாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். கருப்பு ஆயில் சட்டியில் கொட்டியபோது மணி பத்தரை.

பிளக்கின் மரையில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. மரை வெட்டுகிற டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் தடவி, துகள் அதில் ஒட்டிக்கொள்ளும்படி சேம்பர் மரைக்குள் மெல்ல ஓட்டி எடுத்தேன். பிறகு கொஞ்சம் ஆயிலை மேலே ஊற்றிக் கீழே வடியவிட்டேன். புதுப் பிளக், புது செம்பு வாஷர். கடைசி மரைவரை விரலாலேயே திருகினேன். விரலுக்கு வராத பிளக்கை ஸ்பேனருக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்பேனரால் இறுக்கியது கடைசியில் கொஞ்சம்தான்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கண்ணே" என்றார் டிரைவர். ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் முகம் தெளியவில்லை. பிளக்கிலிருந்து சேம்பர்வரை வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்தேன். "காலையில கிளம்புமுன்ன டார்ச் அடிச்சுப் பாருங்க. கோடு நேரா இருந்தா பிளக் அசையலன்னு அர்த்தம். விலகியிருந்தா நேரா இங்க வந்துடுங்க" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு வந்தார். பட்டறை முன்னால் குனிந்து டார்ச் அடித்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கோட்டின் மேல் சேறு தெறித்திருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தோம். கோடு நேராக இருந்தது.