சீழ் பிடித்த தாடையில் பிளேட் வைக்கலாமா?

உடைந்த தாடை எலும்பைச் சேர்த்துப் பிடிக்க, சீழ் இருக்கும் இடத்தில் இரும்பு பிளேட்டை வைத்தால் இன்னும் அழுகிவிடாதா என்று எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்தார்கள், நானும்தான். இதே பயத்தோடு இப்போது யாராவது இருப்பீர்கள், அதற்காகவே எழுதுகிறேன்.

பள்ளிக்கரணை பக்கம் மழையில் வண்டி வழுக்கி முகம் ரோட்டில் மோதியது. முதலில் போன கிளினிக்கில் தாவாங்கட்டையில் தையல் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல் வரிசை சேரவில்லை, கீழுதடு மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னேன். வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அடிபட்ட பிறகு இந்த இரண்டும் இருந்தால் எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும், தயவுசெய்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் காய்ச்சல், வாய் நாற்றம், வாயைத் திறக்கவே முடியவில்லை, தாடைக்குக் கீழே சீழ் உடைந்து ஒழுக ஆரம்பித்தது.

அக்காதான் பிராட்வே பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். முழுத் தாடையும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரேயில், காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்தில், பாதி புதைந்த ஞானப்பல் வழியாக உடைப்பு ஓடியிருந்தது. அந்தப் பல் இருப்பதாலேயே அங்கே எலும்பு பலவீனமாம், வாயிலிருந்து கிருமி இறங்குவதும் அதே வழிதான்.

எங்கள் பயத்தைக் கேட்ட டாக்டர் பொறுமையாக விளக்கினார். "பிளேட்டில் கிருமி ஒட்டும்தான் தம்பி, ஆனால் அசைவு அதைவிட மோசம். நீங்கள் விழுங்கும்போதெல்லாம் உடைந்த துண்டுகள் அசைகின்றன, அதனால் அங்கே புது ரத்தக் குழாய் வளர முடியவில்லை, மருந்தும் சரியாகப் போய்ச் சேரவில்லை" என்றார். முன்பெல்லாம் சீழ் வற்றும்வரை மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டிக் காத்திருப்பார்களாம், இல்லையென்றால் வெளியிலிருந்து கம்பி குத்தி நிறுத்துவார்களாம். இப்போது சீழை வடித்து, செத்த எலும்பைச் சுரண்டி, கெட்ட பல்லைப் பிடுங்கிவிட்டு அதே ஆபரேஷனில் பிளேட்டும் பொருத்திவிட முடிகிறது. ஆனால் எந்த பிளேட் என்பது முக்கியம். சாதாரண உடைப்புக்கு 2 மி.மீ. மினிபிளேட் போதும், ஏனென்றால் எலும்பும் சேர்ந்து பாரம் தாங்கும். என் எலும்பு அந்த நிலையில் இல்லை, அதனால் பாரம் முழுவதையும் தானே தாங்குகிற 2.4 மி.மீ. ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பிளேட், உடைப்புக்கு இரண்டு பக்கமும் நல்ல எலும்பில் குறைந்தது 3 ஸ்க்ரூ. நாங்கள் நினைத்த மாதிரி இரும்பும் இல்லை, டைட்டானியம்.

மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியாக விட்டார்கள், ஆபரேஷன் நடுவே பல் கடி சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க வாய் காலியாக இருக்க வேண்டுமே. தாடைக்குக் கீழே கீறித்தான் வைத்தார்கள், உதட்டை இறக்கும் நரம்பு அந்த வழியில் ஓடுவதால் சிரிக்கும்போது கொஞ்ச காலம் கோணலாம் என்று முன்னாலேயே சொன்னார்கள். அப்படியே ஆனது, மெல்ல மெல்லச் சரியானது. சீழில் என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, ரிசல்ட் வந்ததும் ஊசி மருந்தை மாற்றினார்கள்.

சாப்பாடு கேழ்வரகுக் கூழ், குழையக் கரைத்த பருப்பு சாதம், மோர் என்றே ஓடியது. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சலிக்காதீர்கள். சிகரெட்டை விட்டே ஆகவேண்டும், சுகர் இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இரண்டும் எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

கீழுதட்டு மரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. பிளேட் தொந்தரவு செய்யாதவரை எடுக்கத் தேவையில்லை என்கிறார்கள், ஆனால் ஸ்க்ரூ தளர்ந்தால் மறுபடி சீழ் வரலாம் என்பதால் செக்கப்புக்குத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.