கட்டுக்குள் ஒரு காது

மார்ச் 3
காலையில் செவிப்பறையில் ஒட்டு வைக்கும் காது ஆபரேஷன், சாயங்காலம் வீடு. டாக்டர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மூளைக்கு இவ்வளவு பக்கத்தில் கத்தி வைத்துவிட்டு அன்று ராத்திரியே வீட்டில் படுக்கச் சொல்வதா?

மார்ச் 4
கேள்விகளை எழுதி எடுத்துப் போனேன். முதல் கேள்வி முகத்தை அசைக்கும் முகநரம்பு. அது நடுக்காதை ஒட்டித்தானே ஓடுகிறது? மயக்கம் தெளிந்ததும் கண்ணை இறுக மூடச் சொல்வார்களாம், பல்லைக் காட்டச் சொல்வார்களாம். அது சரியாக இருந்தால்தான் அனுப்புவார்கள். ரத்தக்கசிவு இருக்கிறதா என்று சில மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போக முடியாமல் தங்க நேர்கிறவர்களுக்கு பெரும்பாலும் வாந்தியும் தலைசுற்றலும்தான் காரணமாம். அதைத் தடுக்க மயக்கத்தில் இருக்கும்போதே ஆண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்துகளைப் போடுவார்கள். நைட்ரஸ் ஆக்சைடு வேண்டாம் என்று மயக்க மருந்து டாக்டரே சொன்னார். அந்த வாயு நடுக்காதுக்குள் போய் விரிந்தால் செவிப்பறையில் வைத்த ஒட்டு நகர்ந்துவிடலாம்.

முகநரம்பைப் பற்றி இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

மார்ச் 5
தூக்கமில்லை.

மார்ச் 7
முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தனியாக இருப்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு வெகு தொலைவில் இருப்பவர்கள், இதயக் கோளாறு கட்டுக்குள் வராதவர்கள் இவர்களையெல்லாம் ராத்திரி தங்க வைப்பதுதான் நல்லது என்றார்கள். அக்கா வருகிறாள். ஆனால் அவள் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். நான் கூப்பிட்டால் கேட்குமா?

மார்ச் 10, ராத்திரி
வீட்டில்தான் இருக்கிறேன். தலையைச் சுற்றிக் கட்டு. கண் விழித்ததும் நர்ஸ் கேட்பதற்கு முன்பே பல்லைக் காட்டினேன்.

வாந்தி வந்தது. உடனே அனுப்பவில்லை. குடித்த தண்ணீர் வயிற்றில் தங்குகிறதா என்று பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், அப்புறம்தான் அனுப்பினார்கள். வாந்தி நிற்காவிட்டால் ராத்திரி தங்கப் படுக்கை தருகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாத இடமென்றால் நான் சம்மதித்திருக்கவே மாட்டேன்.

கொடுத்தனுப்பிய தாளை அக்கா சுவரில் ஒட்டியிருக்கிறாள். கட்டை மீறி ரத்தம், முகம் கோணுவது, நிற்காத வாந்தி, அறையே சுழல்வது, காய்ச்சல், கடும் தலைவலி. இதில் எது வந்தாலும் எந்நேரமும் கூப்பிட ஒரு எண்.

மார்ச் 11, விடியற்காலை
“அக்கா, முகம் நேராத்தானே இருக்கு?”
“நேராத்தான் இருக்கு. படு.”
ஒரே குரலில் எழுந்துவிட்டாள்.

மார்ச் 12
கட்டை எடுத்துவிட்டார்கள். உள்ளே பஞ்சு மாதிரி அடைத்திருப்பதால் இப்போதைக்குக் கேட்காது. அது தானே கரையுமாம். நாக்கின் ஒரு பக்கம் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது. சுவை நரம்பும் நடுக்காது வழியாகத்தான் போகிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மினால் வாயைத் திறந்துதான்.

மார்ச் 14
தும்மல். வாயைத் திறந்துதான் தும்மினேன். ஆனாலும் உள்ளே ‘டப்’ என்றது. ஒட்டு நகர்ந்திருக்குமோ? அந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன். வலியோ ரத்தமோ இல்லையென்றால் பயமில்லை, இருந்தாலும் காலையில் வாருங்கள் என்கிறார்கள்.