காஞ்சியிலிருந்து பட்டதக்கல்லுக்கு: ஒரு கேரவன் நாட்குறிப்பு

டிசம்பர் 26, சித்ரதுர்கா

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்குள் கேரவன் நுழையாது. தாழத் தொங்கும் கேபிள் ஒயர்கள் கூரை ஏசியில் மாட்டும். ஏரிக்கரைப் பக்கம் நிறுத்தி, சாமானையெல்லாம் கையில் தூக்கிப்போய் ஏற்றினோம். டெம்போ டிராவலரை வீடாக்கிய வண்டி: நாலு படுக்கை, ஒரு அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு ஆள் நிற்கும் அளவுக்குக் கழிப்பறை. அந்தக் கழிப்பறைக்காகத்தான் கேரவனே. அம்மாவுக்கு முழங்கால் வலி. வழியில் எங்கே இறங்குவது, எத்தனை படி ஏறுவது என்று பயந்து, பயணம் என்றாலே தண்ணீர் குடிக்க மாட்டாள். பிறகு பயணமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள்.

அம்மா காஞ்சிபுரத்துக்காரி. கைலாசநாதர் கோயில் பிராகாரத்தில் ஓடிப்பிடித்து விளையாடியவள். வடகர்நாடகத்தில் சாளுக்கியர் கோயில்கள் நிற்கிற பட்டதக்கல்லை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காரணத்தை அங்கே போய் எழுதுகிறேன்.

தும்கூரு தாண்டியதும் அம்மா தானாகவே தண்ணீர் கேட்டாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சித்ரதுர்கா கோட்டையில் என் மகள் பெரியவள்தான் வழிகாட்டி. ஹைதர் அலியின் ஆட்கள் பாறை இடுக்கு வழியாக ஒவ்வொருவராகத் தலை நீட்ட, காவல்காரன் மனைவி ஓபவ்வா உலக்கையாலேயே அடித்து வீழ்த்திய கதை கன்னடப் பாடத்தில் வருகிறதாம். அந்த இடுக்குக்குள் தம்பியை நுழையவிட்டு அவள் ஓபவ்வா ஆனாள். ராத்திரிக்கு ஒரு லாட்ஜ் வளாகம். பதினாறு ஆம்பியர் பிளக் ஒன்றும் தொட்டிக்குத் தண்ணீரும் கொடுத்தார்கள். கேரவன்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

டிசம்பர் 27, ஹம்பி

கூட்டம். விட்டலர் கோயிலுக்குப் பேட்டரி வண்டிதான், அதற்கும் நீண்ட வரிசை. ஹம்பிக்கென்று தனியாக ஒரு பயணம் வேண்டும். ஒரு நாளில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகிற ஊரில்லை அது. விரூபாட்சர் கோயிலில் மட்டும் நிதானமாக நின்றோம். அங்கே ஓர் இருட்டறைச் சுவரில் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுகிறது. சிறு துவாரம் வழியாக வரும் வெளிச்சம் செய்கிற வேலை. தம்பி தானும் தலைகீழாக நின்று அதை நேராக்கிப் பார்த்தான்.

டிசம்பர் 28, பாதாமி

கொப்பளம் தாண்டி வழியெல்லாம் சோளக்கொல்லை. மத்தியானம் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், வேர்க்கடலைப் பொடி, தயிர். அம்மா ரொட்டியைத் தயிரில் ஊறவைத்துச் சாப்பிட்டாள்.

பாதாமிதான் வாதாபி, சாளுக்கியரின் பழைய தலைநகர். இதை அம்மாவிடம் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர், சிவனடியாராக வாழ்வதற்கு முன் பல்லவர் படைத்தலைவராக வந்து வென்ற ஊர். 642-இல் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் இதைப் பிடித்து ‘வாதாபி கொண்டான்’ ஆனான். இங்கே ஒரு பாறையில் அவன் கல்வெட்டும் உண்டு. “நம்ம ஊர் ராஜா இவ்வளவு தூரமா வந்தான்?” என்றாள். அந்தத் தூரத்தை அவள் முதுகே அறிந்திருந்தது.

நாலு குடைவரைகளில் முதலாவதற்குப் படி குறைவு. என் கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கைகொடுக்க அம்மா ஏறிவிட்டாள். வாசலுக்கு வலப்புறம் பதினெட்டுக் கைகளோடு ஆடுகிற சிவன். ஒவ்வொரு ஜோடிக் கையாகப் பார்த்தாள், அவசரப்படவில்லை. மூன்றாவது குகைக்குப் பிள்ளைகளோடு நான் மட்டும் போனேன். சாளுக்கிய மங்களேசன் 578-இல் குடைவித்தது என்று கல்வெட்டே சொல்வதால், தேதி உறுதியாகத் தெரிந்த பழைய குடைவரைகளில் அதற்குத் தனி மதிப்பு. சாயங்காலம் அகஸ்திய தீர்த்தக் கரையில், பூதநாதர் கோயிலுக்கு எதிரே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். செம்மணற்பாறை மேல் வெயில் இறங்குவதைப் பார்க்காமல் பகலிலேயே பாதாமியை விட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டிசம்பர் 29, பட்டதக்கல்

கதவு திறந்ததும் நுழைந்தோம். புல்லெல்லாம் பனி. பெரியவளுக்கு முதல் வேலை கோபுரங்களைப் பிரிப்பது: வளைந்து உயர்கிற வடநாட்டுச் சிகரம், தட்டுத் தட்டாக ஏறுகிற தென்னாட்டு விமானம். இரண்டும் ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது இங்கே சாதாரணம். 1987-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விரூபாட்சர் கோயிலை அம்மா தூரத்திலிருந்து பார்த்தாள். முன்னால் தனி மண்டபத்தில் நந்தி. சுற்று மதில், அதன் உட்புறம் குட்டிக் குட்டிச் சன்னதிகள், உள்ளே தட்டடுக்கு விமானம். ஊன்றுகோலை ஊன்றி நின்றுவிட்டாள்.

“இது எங்க கைலாசநாதர் மாதிரியே இருக்கேடி!”

இதைக் கேட்கத்தான் இத்தனை கிலோமீட்டர். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் கண்ணே கண்டுபிடித்தது.

நரசிம்மவர்மன் வாதாபியை வென்று ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு, சாளுக்கிய இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். பழி தீர்க்க வந்தவன் ஊரைக் கொளுத்தியிருக்கலாம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்தில் பொறித்த தூண் இன்றும் கைலாசநாதர் கோயிலிலேயே இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி இங்கே எழுப்பிய கோயில் இது, 740 வாக்கில். இதைக் கட்டிய ஆசாரியைத் தென்திசைச் சூத்திரதாரி என்று கல்வெட்டு புகழ்கிறது. பக்கத்திலுள்ள மல்லிகார்ஜுனர் கோயில் அவள் தங்கை திரைலோக்கியமகாதேவி கட்டியது.

வென்றவன் தோற்றவனின் கோயிலைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறான். காஞ்சியைப் பார்த்தவர்கள் பட்டதக்கல்லைப் பார்க்காமல் விடக் கூடாது என்று நான் எல்லோரிடமும் மல்லுக்கு நிற்பது இதனால்தான். ஒன்றில்லாமல் மற்றது பாதிக் கதை.

அம்மா உள்ளே போய் ஒவ்வொரு தூணாகத் தடவினாள். “எங்க ஊர்ல சுண்ணாம்பு பூசி மூடிட்டாங்க. இங்க கல்லு கல்லாவே இருக்கு” என்றாள். காஞ்சி மணற்கல் அரித்துப்போனதால் சிற்பங்கள் மேல் பூசிய சுதையைச் சொல்கிறாள். இங்கே ராமாயணக் காட்சிகள், பாரதக் காட்சிகள், பஞ்சதந்திரக் கதைகள்கூடத் தூண்களில் இருக்கின்றன. இன்னும் பூஜை நடக்கிற கோயில் என்பதில் அவளுக்குக் கூடுதல் நிறைவு. நடுவில் கால் வலித்தபோது வண்டிக்குத் திரும்பி, கஞ்சி குடித்து, ஒரு தூக்கம் போட்டு, மறுபடி வந்தாள். ஹோட்டல் அறை எடுத்து வந்திருந்தால் இந்த இரண்டாவது சுற்று நடந்திருக்காது.

டிசம்பர் 30, ஐஹொளே

துர்க்கை கோயில் என்பது அம்மன் பெயரால் வந்ததல்ல. கோட்டையை ஒட்டி இருந்ததால் வந்த பெயர். பின்பக்கம் அரைவட்டமாக வளையும் அதன் சுற்றுத் திண்ணையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

மேகுடிக் குன்றுக்கு நானும் பெரியவளும் ஏறினோம். சமணக் கவி ரவிகீர்த்தி 634-இல் பொறித்த கல்வெட்டு அங்கே. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று அது பெருமையடிக்கிறது. இறங்கி வந்து சொன்னதும் அம்மா, “அவன் எழுதுவான். பின்னால நம்மாளு வந்து என்ன பண்ணான்னும் எழுதச் சொல்லு” என்றாள்.

“பாட்டி, நாம பெங்களூரு ஆளுங்க. ரெண்டு பேரும் நம்மாளுதான்” என்றாள் பெரியவள்.

ராத்திரி அம்மா காஞ்சிபுரத்துக்கு போன் போட்டு மாமாவிடம் விசாரித்தாள்: அந்தக் கன்னடத் தூண் சரியாக எந்த மண்டபத்தில் இருக்கிறது, கோயில் வாசலில் இவ்வளவு பெரிய வண்டி நிறுத்த இடம் உண்டா, பொங்கல் விடுமுறைக்கு வரலாமா. மாமா நாளைக் காலை போய்ப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.