“அயோடின் அலர்ஜி” என்ற ஒற்றை வரியோடு நாலு மாதம்

ஸ்கேன் சென்டரில் அம்மாவுக்கு நடந்ததைவிட, அதற்கு அப்புறம் நாங்கள் அலைந்த அலைச்சல்தான் இன்னும் ஆறவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வயிற்றுவலிக்கு சிடி ஸ்கேன். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் அயோடின் உள்ள டை (காண்ட்ராஸ்ட்) உள்ளே போனதும் உடம்பெல்லாம் சூடாக இருக்கிறது என்றார். அது எல்லோருக்கும் வருவதுதான், அலர்ஜி இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை அரிப்பு, கழுத்தெல்லாம் தடிப்பு, குரல் கம்மியது, பிபி 80/50. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். ஒரு ராத்திரி கண்காணிப்பில் வைத்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அந்த விஷயத்தில் குறையே இல்லை.

குறை டிஸ்சார்ஜ் சம்மரியில்தான். “அயோடின் அலர்ஜி.” அவ்வளவுதான். எந்த டை, எத்தனை மில்லி, என்ன ஆனது, ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரியை நம்பி வீட்டில் மீனை நிறுத்தினோம். சித்தி சொன்னார் என்று அயோடின் கலந்த உப்பையும் மாற்றினோம். காலில் அடிபட்டபோது அயோடின் இருக்கிறது என்று பெட்டடின் போட விடவில்லை. இதெல்லாம் தேவையே இல்லாதது என்று பிற்பாடு அலர்ஜி டாக்டர் சொன்னார். அயோடின் என்ற தனிமத்துக்கு யாருக்கும் அலர்ஜி வராது. நம் தைராய்டு ஹார்மோனிலேயே அது இருக்கிறது. மீன், இறால் அலர்ஜி அவற்றின் புரதத்தால் வருவது. டை அலர்ஜி அந்த டையின் மூலக்கூறால் வருவது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று மாதம் கழித்து, திரும்பவும் டை போட்டு சிடி எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் அலர்ஜி கிளினிக்குக்குப் போனோம். தேனியிலிருந்து மதுரைக்கு, காலை ஐந்து மணி பஸ். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “எந்த டை?” தெரியாது. இரண்டாவது: “அன்றைக்கு டிரிப்டேஸ் ரத்தம் எடுத்தார்களா?” அதுவும் இல்லை. ரியாக்‌ஷன் வந்த ஓரிரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கும் அந்த ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தால், நிஜமான அலர்ஜியா என்று சொல்ல பெரிய துணை. யாருக்காவது இப்படி நடந்தால் அங்கேயே கேட்டு எடுக்கச் சொல்லுங்கள், பின்னால் எடுத்துப் பயனில்லை.

டையின் பெயர் கேட்டு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். பில்லில் “காண்ட்ராஸ்ட் சார்ஜ்” என்று மட்டும்தான் இருந்தது. கவுண்டரில் இருந்தவர், “மூணு மாசம் ஆச்சும்மா, இப்ப எங்க போய் தேடறது? டெஸ்ட் டோஸ் போட்டுப் பாத்துட்டுத்தானே போட்டோம்” என்றார். கொஞ்சமாக முன்கூட்டி ஏற்றிப் பார்க்கும் அந்த டெஸ்ட் டோஸ் அலர்ஜியைக் கண்டுபிடிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன். மதியச் சாப்பாட்டு நேரம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு டெக்னீஷியன் தம்பி மனமிரங்கி, நீளமான பழைய ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். அம்மா பெயருக்கு நேரே, பாட்டிலில் இருந்து உரித்து ஒட்டிய லேபிள், ஓரம் சுருண்டு கிடந்தது: அயோஹெக்சால் 350, பக்கத்தில் பேனாவால் 80 மி.லி. போட்டோ எடுக்கும்போது கை நடுங்கியது. அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும்.

அடுத்த பயணமும் வீண். முந்தின ராத்திரி சளிக்கு என்று அம்மா ஒரு மாத்திரை போட்டிருந்தார். அதில் அலர்ஜி மருந்து கலந்திருந்ததால் தோல் பரிசோதனை செய்ய முடியாது, ஒரு வாரம் விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சளி மாத்திரை, இருமல் சிரப் எல்லாவற்றிலும் இது இருக்கலாம். அட்டையைப் படித்துப் பாருங்கள். ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. ரியாக்‌ஷன் வந்து ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் பரிசோதனை நன்றாகக் காட்டும், நாங்கள் ஐந்தாவது மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் முறைதான் நடந்தது. ஒரு கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய், பக்கத்து ட்ரேயில் அட்ரினலின் தயார். முன்கையில் பேனாவால் வரிசையாகக் குறித்து, முதலில் தோலைக் கீறிப் பார்த்தார்கள். இருபது நிமிடம், ஒன்றும் இல்லை. அப்புறம் பத்தில் ஒரு பங்காக நீர்த்த டையைத் தோலுக்குள் ஏற்றினார்கள். அயோஹெக்சால் போட்ட இடம் கொசுக்கடி மாதிரி எழும்பி, சுற்றிச் சிவந்து, பரவ ஆரம்பித்தது. சிஸ்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். அயோடிக்சனால் என்ற இன்னொரு டை போட்ட இடமும் அப்படியே. இரண்டும் அமைப்பில் நெருங்கிய சொந்தமாம். அயோபமிடால் என்ற மூன்றாவது டை போட்ட இடம் மட்டும் வெறும் சலைன் போட்ட இடம் போலவே இருந்தது. அம்மா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முடிவும் நூறு சதவீத உத்தரவாதம் இல்லை, அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில்தான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். எம்ஆர்ஐக்குப் போடும் கடோலினியம் வேறு வகை, அதற்கு இந்தத் தடை இல்லை என்றும் எழுதித் தந்தார். அயோபமிடால் போட்டு சிடி எடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வீட்டில் அயிரை மீன் குழம்பு. டைகளின் பெயர் எழுதிய அட்டை அம்மா பர்ஸில், ஒரு போட்டோ என் போனில். பழைய ஆஸ்பத்திரி ஃபைலில் மட்டும் “அயோடின் அலர்ஜி” இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தச் சொல்லி கடிதம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கவேண்டும்.